குடும்பநல நீதிமன்றம் போகும் முன்: எந்த மனு, எந்த ஊர், எது முதலில்

என் தங்கையின் வழக்குக்காக மூன்று வருடம் குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அது முடிந்த பிறகு தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பலருக்குத் துணையாகப் போய்வந்தாயிற்று. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர் எந்தப் படியில் இடறுவார் என்பதை இப்போது ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிகிறது. பெரும்பாலும் எதை முதலில் செய்வது என்று தெரியாமல்தான் இடறுகிறார்கள்.

இதில் உள்ளது தமிழ்நாட்டு நடைமுறை. உங்கள் வழக்கின் நுணுக்கத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவரிடம் போகும்போது பாதி வேலையை முடித்துக்கொண்டு போகத்தான் இந்த வழிகாட்டி.

1. எந்த உத்தரவு வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

"டைவர்ஸ் வேண்டும்" என்று வருகிறவர்களிடம் பத்து நிமிடம் பேசினால், உடனடித் தேவை வேறாக இருக்கும். வாடகைக்குப் பணம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஞாயிற்றுக்கிழமையாவது குழந்தையைப் பார்க்க அனுமதி, மாமியார் வீட்டு பீரோவில் இருக்கும் நகை. ஒரு வெள்ளைத்தாளில் இவற்றை வரிவரியாக எழுதுங்கள். பல வரிகளுக்குத் தனி மனு வேண்டும். சிலவற்றுக்கு நீதிமன்றமே வேறு.

1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 7ஆவது பிரிவுதான் இதற்கு அளவுகோல். விவாகரத்து, சேர்ந்து வாழ உத்தரவு, நீதிமன்ற உத்தரவோடு பிரிந்து வாழ்தல், திருமணம் செல்லாது என அறிவித்தல், ஒருவர் திருமணமானவரா இல்லையா என்ற அறிவிப்பு, கணவன் மனைவிக்கு இடையிலான சொத்துத் தகராறு, மண உறவால் எழும் சூழலில் தடையுத்தரவு, ஒருவரின் பிறப்பு முறையானது என்ற அறிவிப்பு, ஜீவனாம்சம், குழந்தையின் பாதுகாவல் ஆகியவை இந்த நீதிமன்றத்தின் வேலை.

நகையையும் சீர்வரிசையையும் திருப்பிக் கேட்பது அந்தச் சொத்துத் தகராறு வகைக்குள் வரும். இது பலருக்குத் தெரியாது. நகை என்றாலே போலீஸ் ஸ்டேஷன்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பெற்ற பிள்ளைகள் கைவிட்ட தாய் தந்தையும் இங்கே ஜீவனாம்சம் கேட்கலாம். மாதாந்திர ஜீவனாம்ச மனு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. பழைய எண் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் வராந்தாவில் இன்னும் 'ஒன் ட்வென்டி ஃபைவ்' என்றுதான் கேட்பீர்கள். குழம்ப வேண்டாம்.

இங்கே கிடைக்காதவையும் உண்டு. அடி, வரதட்சணைக் கொடுமைக்குத் தண்டனை வேண்டுமென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையமும் குற்றவியல் நீதிமன்றமும்தான். கணவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டால் அதற்கான தண்டனையும் அப்படித்தான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு சிவில் நீதிமன்றம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் மனு வழக்கமாக மாஜிஸ்திரேட்டிடம் போகும். ஆனால் குடும்பநல நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்கு நடந்தால், பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை போன்றவற்றை அந்தச் சட்டத்தின் 26ஆவது பிரிவின் கீழ் இங்கேயே கேட்கலாம். இரண்டு இடத்துக்கு அலைய முடியாதவர்கள் இதை வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள்.

2. உங்கள் பகுதிக்குக் குடும்பநல நீதிமன்றம் உண்டா எனப் பாருங்கள்

பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் குடும்பநல நீதிமன்றம் கட்டாயம் அமைக்க வேண்டும் என்கிறது சட்டம். மற்ற இடங்களில் அரசு தேவை பார்த்து அமைக்கும். சென்னையில் இது உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. முதல் நாளே வாயில் தெரியாமல் அரைமணி நேரம் சுற்றுகிறவர்கள் உண்டு, சீக்கிரமே கிளம்புங்கள்.

குடும்பநல நீதிமன்றத்தின் எல்லைக்குள் நீங்கள் இருந்தால், மேலே சொன்ன விஷயங்களை மாவட்ட நீதிமன்றமோ சார்பு நீதிமன்றமோ மாஜிஸ்திரேட்டோ எடுக்க முடியாது. குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 8ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை எடுத்துவிடுகிறது. தவறான இடத்தில் போட்ட மனு திரும்பி வரும்போது போவது சில மாதங்கள். ஜீவனாம்சம் கேட்பவருக்கு அது சில மாதச் சோறு.

ஒரு விதிவிலக்கு சென்னைக்கு உண்டு. உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவுக்கு (வழக்கை நேரடியாக முதலில் விசாரிக்கும் பிரிவு) குழந்தைப் பாதுகாவல் விஷயத்தில் இருந்த அதிகாரம் பறிபோகவில்லை என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023இல் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. சாதாரண வழக்குக்கு இந்த வழி தேவைப்படாது.

குடும்பநல நீதிமன்றம் இல்லாத பகுதியில் வேலை பிரிந்துபோகும். இந்து திருமணச் சட்ட மனுக்களைச் சார்பு நீதிமன்றம் பார்க்கும். அங்கே அதற்கு எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண அசல் மனு) என்று பெயர். ஜீவனாம்சத்துக்கு மாஜிஸ்திரேட். கிறிஸ்தவ விவாகரத்துக்கும் காப்பாளர் நியமனத்துக்கும் மாவட்ட நீதிமன்றம்.

3. எந்த ஊரில் போடலாம்

சென்னையில் இருப்பவர் சென்னையில்தான் போட வேண்டும் என்று கிடையாது. விருப்பப்பட்ட ஊரிலும் போட முடியாது. இந்து திருமணச் சட்டத்தின் 19ஆவது பிரிவு கேட்பது நான்கு விஷயம்: கல்யாணம் எங்கே நடந்தது, எதிர்மனுதாரர் இப்போது எங்கே குடியிருக்கிறார், இருவரும் கடைசியாக எங்கே சேர்ந்து வாழ்ந்தார்கள், மனுப் போடுவது மனைவியா.

ஓர் உதாரணம். கல்யாணம் திருநெல்வேலியில், குடித்தனம் ஓசூரில், சண்டைக்குப் பிறகு மனைவி தேனியில் அம்மா வீட்டில், கணவர் சென்னையில் வேலை. மனைவி இந்த நான்கு ஊரில் எதிலும் போடலாம். கணவர் சென்னையில் போட முடியாது. அவருக்கு திருநெல்வேலி, ஓசூர், தேனி மட்டும்தான். மனைவிக்கு அவர் குடியிருக்கும் ஊரிலேயே போடும் உரிமை 2003இல் வந்த திருத்தம்.

எதிர்த்தரப்பு வெளிநாட்டில் இருந்தாலோ, ஏழு வருடமாக உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லை என்றாலோ, மனுதாரர் தன் ஊரிலேயே போடலாம். துபாய், சிங்கப்பூர் என்று ஒருவர் போய்விட்ட குடும்பங்களுக்கு இது பெரிய உதவி.

ஜீவனாம்ச மனுவுக்கு ஊர் விதி இன்னும் தாராளம். கணவர் இருக்கும் இடம், மனைவி வசிக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எது வேண்டுமானாலும் சரி. பிள்ளைகள்மேல் மனுப் போடும் பெற்றோரும் இப்போது தாங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். புதிய சட்டம் கொண்டுவந்த நல்ல மாற்றம் இது.

குழந்தை விஷயத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பாதுகாவல் மனுவுக்குக் குழந்தை 'வழக்கமாக வசிக்கும்' இடமே கணக்கு. மனுப் போடுவதற்கு முந்தைய வாரம் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய், அங்கே வழக்குப் போட்ட ஒருவரைப் பார்த்தேன். அது வழக்கமான வசிப்பிடம் என்று அவரால் நிரூபிக்க முடியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர் என்ற பெயர் மட்டும் வழக்கு முடியும்வரை கூடவே வந்தது.

வசிப்பிடத்துக்கு ஆதாரம் வேண்டும். பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர்களின் ஆதார் அட்டையில் பெரும்பாலும் கணவர் வீட்டு முகவரிதான் இருக்கும். மனுப் போடுமுன் முகவரியை மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் வாடகை ஒப்பந்தம், வங்கிப் புத்தகம், குழந்தையின் பள்ளிச் சான்று என எதையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பு தொலைதூர ஊரில் வழக்குப் போட்டுவிட்டால் மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். தென்மாவட்டங்களுக்கு அது மதுரைக் கிளை. வழக்கு வேறு மாநிலத்தில் என்றால் உச்ச நீதிமன்றம். கைக்குழந்தை, வருமானம் இன்மை, துணைக்கு ஆள் இல்லாமை ஆகியவற்றை ஆதாரத்தோடு சொன்னால் கேட்பார்கள்.

4. உங்கள் திருமணம் எந்தச் சட்டத்தில் நடந்தது

இது தெரியாமல் எழுதிய மனு தலைப்பிலேயே தப்பு. இந்து, பௌத்தர், சமணர், சீக்கியருக்கு இந்து திருமணச் சட்டம். கிறிஸ்தவருக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். முஸ்லிம் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம். மதம் மாறாமல் கலப்புமணம் செய்து பதிவு செய்தவர்களுக்குப் பெரும்பாலும் சிறப்புத் திருமணச் சட்டம்.

பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ததாலேயே அது சிறப்புத் திருமணம் ஆகிவிடாது. கோவிலில் தாலி கட்டிவிட்டு, 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தவர்கள் இன்னும் இந்து திருமணச் சட்டத்துக்குள்தான். சான்றிதழின் தலைப்பில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள் 'சடங்கு இல்லையே, செல்லுமா' என்று கேட்கிறார்கள். தாராளமாகச் செல்லும். 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டதே இதற்காகத்தான். உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியதற்கோ தாலி கட்டியதற்கோ சாட்சி இருந்தால் போதும்.

கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லையென்றால் விவாகரத்து மனு பொதுவாக எடுக்கப்படாது. மிகக் கடுமையான துன்பம் என்று காட்டித் தனி அனுமதி வாங்க வேண்டும். ஜீவனாம்ச மனுவுக்கு இந்த ஒரு வருடக் கணக்கு கிடையாது. காத்திருக்கும் காலத்தில் அதைப் போட்டுவிடலாம்.

5. காகிதங்களைச் சேருங்கள்

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் முன் ஒரு ஃபைல் தயாராக இருக்கட்டும். திருமணச் சான்றிதழ் அல்லது அழைப்பிதழும் புகைப்படங்களும், இருவரின் அடையாள அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், வசிப்பிட ஆதாரம், மருத்துவச் சீட்டுகள், ஏற்கெனவே போலீஸில் கொடுத்த புகாரின் ரசீது. அசலை வீட்டில் வைத்துவிட்டு நகலை மட்டும் கொடுங்கள். அசல் விசாரணை அன்றுதான் தேவைப்படும், அதற்குள் கைமாறிக் கைமாறித் தொலைந்த கதைகள் நிறைய.

இதைவிட முக்கியம் ஒரு தேதிக் குறிப்பு. எந்த நாள், எந்த வீடு, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். நாற்பது பக்க நோட்டில் கையால் எழுதினாலே போதும். பின்னால் குறுக்கு விசாரணையில் இரண்டு வருடம் முந்தைய தேதியைக் கேட்பார்கள். அன்றைக்கு மனுவில் சொன்ன தேதியும் வாயில் வரும் தேதியும் முரண்பட்டால் உண்மையே பொய் போலத் தெரியும்.

பணம் சம்பந்தமான காகிதம் தனி. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை, வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு அனைத்தும் அதில் வரும். வருமானத்தை மறைக்காதீர்கள். டியூஷன் எடுத்து மாதம் ஐயாயிரம் சம்பாதிப்பதை எழுதாமல் விட்ட ஒரு பெண்ணிடம், எதிர்த்தரப்பு அதை மட்டுமே பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டது. எழுதியிருந்தால் அது ஒரு வரி.

வாட்ஸ்அப் செய்தி, ஆடியோ போன்றவற்றை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் எண்ணும் தெரிய வேண்டும். மின்னணு ஆவணத்தோடு அதற்குரிய சான்றிதழையும் இணைக்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்தது சாட்சியமாகுமா என்ற பழைய சண்டையில், விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. அதற்காக இனிமேல் பதிவு செய்யக் கிளம்ப வேண்டாம். நான் பார்த்தவரை அது சமரச வாய்ப்பைத்தான் முதலில் கெடுக்கும்.

6. வழக்கறிஞர், சட்ட உதவி, மனு

குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 13ஆவது பிரிவுப்படி, வழக்கறிஞர் வைத்து வாதாடுவது இங்கே உரிமை அல்ல. நீதிமன்றத்தின் அனுமதியோடு வைக்கலாம். நடைமுறையில் அதற்கு ஒரு சிறு மனுப் போடுவார்கள், அனுமதியும் கிடைக்கும். 'வக்கீல் வைக்கக் கூடாதாமே' என்று பயந்து தானே எழுதிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சமரசப் பேச்சின்போதும் பல வாய்தாக்களிலும் நீங்கள் நேரில் வர வேண்டியிருக்கும்.

பணமில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. ஆண்களில் குறைந்த வருமானத்தினர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கு உண்டு. தொலைபேசி உதவிக்கு 15100.

மனுவில் கோபத்தைக் கொட்டாதீர்கள். 'கொடுமைப்படுத்தினார்' என்ற ஒரு சொல்லைவிட, தேதியோடு மூன்று சம்பவம் எழுதுவது வலுவானது. நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டை, குறிப்பாக நடத்தை பற்றியதை, எழுதவே எழுதாதீர்கள். ஆதாரமில்லாமல் கற்பைக் குறைசொல்வதையே கொடுமை என்று எடுத்துக்கொண்டு எதிர்த்தரப்புக்குச் சாதகமாக முடிந்த வழக்குகள் உண்டு.

வேறு நீதிமன்றத்தில் ஏற்கெனவே போட்ட வழக்கு, வாங்கிய ஜீவனாம்ச உத்தரவு எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். முந்தைய தொகையை இரண்டாவது நீதிமன்றம் கழித்துக்கொள்ளும். மறைத்தது பிறகு தெரிந்தால் உங்கள் மற்றச் சொல்லையும் நம்ப மாட்டார்கள்.

7. தாக்கல் செய்ததும் வழக்கு தொடங்கிவிடுவதில்லை

மனு கொடுத்த அன்றே வழக்கு நடக்கிறது என்று நினைத்து நிம்மதியாக ஊருக்குப் போகிறவர்கள் அதிகம். அலுவலகம் சரிபார்த்து, குறை இருந்தால் 'ரிட்டர்ன்' போடும். ஒரு கையெழுத்து விடுபட்டிருக்கும், ஒரு நகல் மங்கலாக இருக்கும். அதைச் சரிசெய்து திரும்பக் கொடுத்தால்தான் வழக்கு எண் கிடைக்கும், அதாவது 'நம்பர்' ஆகும். பத்து நாளுக்கு ஒருமுறை 'நம்பர் ஆயிருச்சா' என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

நம்பர் ஆனதும் உங்கள் வழக்குக்கே உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்று நீங்களே பார்க்கலாம்.

அடுத்தது சம்மன். பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டினால்தான் சம்மன் போகும். வழக்குகள் தேங்குவதற்கு நான் கண்ட மிகப் பெரிய காரணம் தவறான முகவரி. எதிர்த்தரப்பின் வீடு, அலுவலகம், சொந்த ஊர் மூன்றையும் கொடுங்கள்.

சம்மன் வாங்கும் பக்கம் நீங்கள் என்றால், கவரை வாங்க மறுப்பதால் வழக்கு நிற்காது. மறுத்தார் என்று தபால்காரர் எழுதினாலே சம்மன் உங்களிடம் சேர்ந்ததாக எடுத்துக்கொள்ள முடியும். அப்புறம் உங்களை ஒருதலைப்பட்சமாக வைத்து வழக்கை முடித்துவிடுவார்கள். ஒரு என்ஜினீயர் தம்பி இப்படிக் கவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, சம்பளத்தில் பிடித்தம் வந்த பிறகுதான் ஓடி வந்தார். ஒருதலைப்பட்ச விவாகரத்துத் தீர்ப்பை நீக்கக் கேட்க 30 நாள், ஜீவனாம்ச உத்தரவுக்கு மூன்று மாதம். தாண்டினால் தாமதத்துக்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும்.

8. இடைக்கால மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

முதன்மை வழக்கு முடிய வருடங்கள் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கும் பள்ளிக்கும் வழி இடைக்கால ஜீவனாம்சம். இந்து திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவில் கேட்கலாம், 144ஆவது பிரிவு மனுவுக்குள்ளும் கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் உள்ள கணக்கு. நடப்பு அப்படியில்லை என்பது வேறு கதை. 24ஆவது பிரிவில் வருமானமில்லாத கணவரும் கேட்கலாம், அபூர்வமாகக் கேட்கிறார்கள்.

ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்று ரஜ்னேஷ் தீர்ப்பு சொல்கிறது. பிரிந்த தேதியிலிருந்து அல்ல, உத்தரவு தேதியிலிருந்தும் அல்ல. 'சமாதானம் ஆகிவிடும், பிறகு போடலாம்' என்று ஓர் அக்கா பதினொரு மாதம் காத்திருந்தார். அந்தப் பதினொரு மாதத்துக்கும் அவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. மனுப் போட்டுவிட்டுச் சமாதானம் பேசினால் எதுவும் குறைந்துவிடாது.

குழந்தையைப் பார்க்கும் அனுமதியும் இடைக்கால மனுதான். 'பார்க்க அனுமதிக்க வேண்டும்' என்று மொட்டையாகக் கேட்காமல் கிழமை, நேரம், இடம், யார் கொண்டுவந்து விடுவது, பள்ளி விடுமுறையில் எத்தனை நாள், வாரத்தில் எத்தனை முறை வீடியோ அழைப்பு என்று எழுதிக் கேளுங்கள். தெளிவில்லாத உத்தரவு ஒவ்வொரு ஞாயிறும் புதுச் சண்டை.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை பொதுவாகத் தாயிடம் என்பது இந்துக்களுக்கான சட்டம். அதற்கு மேலும் சரி கீழும் சரி, கடைசியில் பார்ப்பது குழந்தையின் நலன். அதனால் ஜீவனாம்சம் தராததற்காகக் குழந்தையைக் காட்ட மறுப்பதும், குழந்தையைக் காட்டாததற்காகப் பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

9. கவுன்சிலிங்கும் சமரசமும்

எந்த வழக்கானாலும் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 9ஆவது பிரிவு இந்த நீதிமன்றத்துக்குக் கொடுத்த கடமை. அதனால் கவுன்சிலரிடம் அனுப்புவார்கள், அல்லது சமரச மையத்துக்கு. 'சேர்த்து வைக்கத்தான் பார்க்கிறார்கள்' என்று கோபப்பட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். நல்லபடியாகப் பிரிவதையும் அங்கேதான் பேசி முடிக்கிறார்கள்.

போகும்போது உங்கள் முதல் படித் தாளைக் கொண்டுபோங்கள். எது கட்டாயம், எது விட்டுக்கொடுக்கலாம் என்று முன்பே குறித்திருங்கள். அப்பா, மாமா, சித்தப்பா என்று ஒரு வேன் ஆளோடு வராதீர்கள். கூட்டம் கூடினால் சம்பந்தப்பட்ட இருவரும் வாயே திறப்பதில்லை.

பேசி முடிந்ததை எழுத்தில் வாங்காமல் வழக்கை வாபஸ் வாங்கக் கூடாது. 'வீட்டுக்கு வந்துவிடு, கேஸை எடுத்துவிடு' என்ற வாய்ச்சொல்லை நம்பி வாபஸ் வாங்கி, நாலு மாதத்தில் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கியவர்களை எண்ண என் கைவிரல் போதாது.

இருவரும் சம்மதித்துப் பிரிவதென்றால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி. ஒரு வருடம் கணவன் மனைவியாக வாழாமல் இருந்திருக்க வேண்டும். ஒரே கூரையின்கீழ் இருந்தும் அப்படி வாழாதிருக்கலாம், அது செல்லும். மனுப் போட்டபின் ஆறு மாதம் கழித்து இரண்டாம் முறை வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டதென்றால் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. கேட்டு மனுப் போட வேண்டும், தானாக நடக்காது.

முழுப்பணமும் முதல் நாளே கைமாற விடாதீர்கள். இரண்டாம் முறை வருவதற்குள் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஒரு பகுதி முதலில், மீதி கடைசி நாளில் நீதிமன்றத்திலேயே வங்கி வரைவோலையாக என்று வைப்பது வழக்கம்.

10. விசாரணை

சமரசம் முறிந்தால் எதிருரை (எதிர்த்தரப்பின் எழுத்துப்பூர்வப் பதில்), பிறகு சாட்சியம். உங்கள் முதல் சாட்சியம் பிரமாணப் பத்திரமாகப் போகும், அதன் மேல் குறுக்கு விசாரணை நடக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அழுகை வந்தால் தண்ணீர் கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அந்தரங்கமான விஷயங்களைப் பலர் முன்னால் பேச வேண்டுமே என்ற பயம் நிறையப் பேருக்கு. ஒரு தரப்பு கேட்டாலே மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்கிறது குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 11ஆவது பிரிவு. வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

'உறவு மீளவே முடியாதபடி முறிந்துவிட்டது, அதையே காரணமாக வைத்துப் பிரித்துவிடுங்கள்' என்று இங்கே கேட்க முடியாது. அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவைக் கொண்டு அப்படிப் பிரிக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். 2023ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வு அதைத் தெளிவாக்கியது. குடும்பநல நீதிமன்றத்தில் கொடுமை, கைவிடுதல் போன்ற சட்டக் காரணம் ஒன்றை நிரூபித்தே ஆக வேண்டும்.

11. தீர்ப்பு வந்த அன்று

அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். இரண்டு மூன்று பிரதியாக வாங்கிவிடுவது நல்லது. பாஸ்போர்ட், வங்கி, மறுமணப் பதிவு என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள்.

மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில், இரு நீதிபதிகள் அமர்வில். சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மாதாந்திர ஜீவனாம்ச உத்தரவுக்கு அப்பீல் இல்லை, சீராய்வு மனுதான்.

கால அளவில் ஒரு சிக்கல். குடும்பநல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. எது பொருந்தும் என்று வழக்கறிஞர்களே வாதாடுவார்கள். நான் சொல்வது எளிது: அப்பீல் போடுகிறவர் 30 என்று எண்ணுங்கள், மறுமணம் செய்கிறவர் 90 முடியட்டும் என்று காத்திருங்கள். அதன்பிறகும் அப்பீல் எதுவும் நிலுவையில் இல்லை என்று பார்த்துவிட்டு மண்டபம் பிடியுங்கள்.

ஜீவனாம்ச உத்தரவு வாங்கியவர்கள் பணம் வங்கிக் கணக்கில் வரும்படி செய்துகொள்ளுங்கள். கையில் வாங்கினால் வந்ததற்கும் வராததற்கும் ஆதாரம் இருக்காது. பணம் நின்றால் நிறைவேற்று மனு. 144ஆவது பிரிவில் நிலுவையை வசூலிக்க, அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். கட்டாதவருக்கு ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். 'மொத்தமாகச் சேரட்டும்' என்று விட்டுவைத்தால் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவும். காலண்டரில் மூன்றாவது மாத முடிவில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள், அந்தத் தேதியில் பணம் வந்திருக்கவில்லையென்றால் மறுநாளே மனு.